பொற்காலமும் மறுமலர்ச்சியும்: சிம்பொனி சார்ந்த முற்போக்கு ராக் இசை

ஒரு கலைமரபு தோன்றி, வளர்ந்து, உச்சியை எட்டித் தளர்வுற்ற பின்னர், பிற்காலத்தார் அதனை மீண்டும் கையிலெடுக்கின்றனர். அவ்வாறு அவர்கள் செய்வது படைப்பா, படியெடுப்பா? தமிழிலக்கிய வரலாறு பயில்வோர்க்கு இவ்வினா புதிதன்று. காப்பியங்களைப் பின்பற்றி எழுந்த காப்பியங்களையும், பிள்ளைத்தமிழைப் பின்பற்றி எழுந்த பிள்ளைத்தமிழ்களையும் மதிப்பிடப் புகுவோர் எல்லாரும் இவ்வினாவைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. முற்றிலும் வேறானதொரு நிலத்தில், வேறானதொரு கலையில், இதே வினா அரை நூற்றாண்டாக எழுப்பப்பட்டு வருகின்றது. இங்கிலாந்தில் 1960-களின் இறுதியில் தோன்றிய முற்போக்கு ராக் இசையே அக்கலையாகும். அதனுள்ளும் ‘சிம்பொனி சார்ந்தது’ எனப் பிரித்துரைக்கப்படும் கிளையின் பொற்காலத்தையும், அதனைப் பின்பற்றி எழுந்த இக்காலப் படைப்புகளையும் ஒப்புநோக்கின், மரபு என்பது யாது, அதனைப் பேணுதல் என்பது யாது என்னும் இரண்டிற்கும் தெளிவு பிறக்கும்.

தோற்றம்

ராக் இசை தொடக்கத்தில் ஆடலுக்குரிய இசையாகவே இருந்தது. மூன்று மணித்துளிகளில் முடியும் பாடல், எளிய தாளம், திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்பவை அதன் இலக்கணம். 1967-ஆம் ஆண்டில் இவ்விலக்கணம் நெகிழத் தொடங்கிற்று. அவ்வாண்டு பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ என்னும் இசைத்தட்டு, தனித்தனிப் பாடல்களின் தொகுதியாக அன்றி, ஒருமை வாய்ந்த ஒரு நூலைப் போல் அமைந்தது. அதே ஆண்டு புரோகல் ஹாரம் குழுவினர் பாக் என்னும் ஜெர்மானிய இசை மேதையின் நடையை ஒத்த ஆர்கன் இசையோடு ஒரு பாடலை வெளியிட்டு உலகப் புகழ் எய்தினர். ஆண்டின் இறுதியில், மூடி புளூஸ் குழுவினர் ‘டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ என்னும் இசைத்தட்டில், விடியல் முதல் இரவு வரையிலான ஒரு நாட்பொழுதைப் பெரிய வாத்தியக் குழுவின் துணையோடு இசைவடிவில் தந்தனர்.

ஆயினும், இக்கலை தன் முழு உருவைப் பெற்றது 1969-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் எனலாம். இராபர்ட் ஃபிரிப் என்னும் 23 வயது இளைஞரை உள்ளடக்கிய கிங் கிரிம்சன் குழு, ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ என்னும் தன் முதல் இசைத்தட்டை அப்போதுதான் வெளியிட்டது. வாத்தியக் குழுவின் கம்பீரமும், ஜாஸ் இசையின் துணிவும், ராக் இசையின் வேகமும் அதில் ஒன்றாயின. கேட்டவர்கள் வியந்தனர், கேட்ட இசைஞர்கள் தம் பாதையை மாற்றிக்கொண்டனர்.

பொற்காலம்

1970 முதல் 1975 வரையிலான ஆறாண்டுகளை இக்கலையின் பொற்காலம் எனக் கொள்வது பொருந்தும். யெஸ், ஜெனிசிஸ், எமர்சன் லேக் அண்ட் பாமர் ஆகிய மூன்று ஆங்கிலேயக் குழுக்கள் இக்காலத்தின் முப்பெருந் தூண்கள். இத்தாலியில் பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனி, பாங்கோ போன்ற குழுக்கள் தம் நாட்டு இசைமரபைக் கலந்து இதனை வளர்த்தன.

இக்குழுவினர் எங்கிருந்து வந்தனர் என்பது நோக்கத்தக்கது. ஜெனிசிஸ் குழு 1967-ஆம் ஆண்டில் சார்ட்டர்ஹவுஸ் என்னும் பழம்பெரும் பள்ளியின் மாணவர்களால் தோற்றுவிக்கப்பட்டது. யெஸ் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞரான கிறிஸ் ஸ்குவயர் சிறுவயதில் தேவாலயப் பாடற்குழுவில் பாடியவர். அக்குழுவில் 1971-இல் சேர்ந்த ரிக் வேக்மன் இலண்டன் அரச இசைக் கல்லூரியில் பயின்றவர். பள்ளி வழிபாட்டுப் பாடலும், தேவாலய ஆர்கனும், பியானோப் பயிற்சியும் இவர்கள் செவியில் இளமையிலேயே ஊறிக் கிடந்தன. அவை அனைத்தையும் மின்கிட்டாரோடும் டிரம்ஸோடும் சேர்த்தபோது பிறந்ததே இப்புதிய இசை.

எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவினர், முசோர்க்ஸ்கி என்னும் இரஷ்ய இசை மேதை பியானோவுக்காக எழுதிய ‘ஓவியக் கண்காட்சி’ என்னும் படைப்பை 1971-ஆம் ஆண்டில் நியூகாசில் நகர மண்டபத்தில் ராக் வடிவில் இசைத்தனர். அதே ஆண்டு வெளிவந்த அவர்களது ‘டார்க்கஸ்’ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்பு நிறைத்தது. அதன் தொடக்கம் ஐந்தைந்தாக எண்ணப்படும் தாளத்தில் அமைந்தது. கண்ட நடையில் பழகிய தமிழ்ச் செவிகளுக்கு அது விந்தையன்று. நான்கு நான்காக மட்டுமே எண்ணிப் பழகிய மேலை ராக் இரசிகர்களுக்கு அது பெரும் புதுமை. ஜெனிசிஸ் குழு 1972-இல் ‘ஃபாக்ஸ்டிராட்’ என்னும் இசைத்தட்டில் ஏறத்தாழ 23 மணித்துளிகள் நீளும் ‘சப்பர்ஸ் ரெடி’ என்னும் படைப்பைத் தந்தது. விவிலியத்தின் இறுதி நூலில் வரும் காட்சிகளையும் ஆங்கிலேயரின் நகைச்சுவையையும் பின்னி நெய்த இசைக்காப்பியம் அது. அதனைப் பாடிய பீட்டர் கேப்ரியலுக்கு அப்போது வயது 22.

அதே 1972-இல் வெளிவந்த யெஸ் குழுவின் ‘குளோஸ் டு த எட்ஜ்’ என்னும் படைப்பை இக்கலையின் சிகரமெனப் பலர் போற்றுவர். நான்கு பகுதிகளும் ஏறத்தாழ 18 மணித்துளி நீளமும் கொண்டது அது. பறவையொலியும் நீரொலியும் கேட்கத் தொடங்கி, புயல்போன்ற கருவியிசையாக விரிந்து, மூன்றாம் பகுதியில் தேவாலய ஆர்கனின் முழக்கத்தோடு அமைதியின் உச்சத்தை எட்டி, மீண்டும் முதற் பண்ணுக்கே திரும்பி நிறைவுறும். இப்படைப்புக்குத் தூண்டுகோலாக நின்றது ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’ என்னும் புதினம். திருலோக சீதாராமின் மொழிபெயர்ப்பால் தமிழர்க்கும் அறிமுகமான நூல் அது. ஆற்றங்கரையில் ஞானம் தேடும் இந்திய இளைஞனின் கதை, இலண்டனில் ஒரு ராக் குழுவின் கைகளில் இசையாக மாறிற்று.

இந்தியத் தொடர்பு அத்துடன் நிற்கவில்லை. 1973-ஆம் ஆண்டில், அக்குழுவின் பாடகர் ஜோன் ஆண்டர்சன் பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்றைப் படித்தார். சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்னும் நால்வகைச் சாத்திரங்களைப் பற்றி அந்நூலின் அடிக்குறிப்பு ஒன்று கூறுவது அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அவ்வடிக்குறிப்பே, இரண்டு இசைத்தட்டுகளின் நான்கு பக்கங்களிலும் பக்கத்திற்கொன்றாக நான்கு நெடும் படைப்புகளைக் கொண்ட ‘டேல்ஸ் ஃபிரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ ஆக வளர்ந்தது. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. எனினும், குழுவினுள்ளேயே அதனை ஏற்காதவர் இருந்தனர். அளவுக்கு மீறி நீண்டுவிட்டது எனக் கருதிய வேக்மன் 1974-இல் குழுவிலிருந்து விலகினார். உச்சியிலேயே சரிவின் முதற் கீறல் தோன்றிவிட்டது.

கருவி வகுத்த இலக்கணம்

இப்பொற்கால இசையின் சுவையை உணர வேண்டுமாயின் அதன் கருவிகளை அறிதல் இன்றியமையாதது. மெல்லோட்ரான் என்னும் விசைப்பலகைக் கருவி 1963 முதல் பர்மிங்காம் நகரில் உருவாக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஓர் ஒலிநாடா உண்டு. வயலின், குழல், பாடற்குழு ஆகியவற்றின் ஓசை அந்நாடாக்களில் பதியப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடி ஒலிக்கும். ஏறத்தாழ 8 வினாடிகளில் நாடா தீர்ந்து ஒலி நின்றுவிடும். ஆகவே இசைப்பவர் எட்டு வினாடிக்குள் விரலை எடுத்தே ஆகவேண்டும். வெப்பம் மாறினால் சுருதி விலகும். மினிமூக் என்னும் மின்னொலிக் கருவியோ ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே எழுப்ப வல்லது. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது மணித்துளிகளுக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடமளிக்கும்.

இவை யாவும் குறைகளே. ஆயின், வெண்பாவின் தளையும் அடிவரையறையும் புலவனுக்குச் சுமையாகாது சொற்செட்டைக் கற்பித்தாற்போல, இக்குறைகள் அக்கலைஞர்க்குச் செறிவைக் கற்பித்தன. ‘டார்க்கஸ்’, ‘குளோஸ் டு த எட்ஜ்’ ஆகிய இரண்டும் ஒரு பக்கத்தின் அளவிற்குள் தொடங்கி, வளர்ந்து, முடிந்தாக வேண்டியிருந்தன. அதனால் அவற்றில் வீணான பகுதி காண்டல் அரிது.

சரிவு

புகழ் பெருகப் பெருக ஆடம்பரமும் பெருகிற்று. வேக்மன் 1975-ஆம் ஆண்டில் ஆர்தர் மன்னனின் கதையை வெம்பிளி அரங்கில் பனித்தளத்தின்மேல் சறுக்கு நாடகமாக நடத்தினார். செலவு வரவை விழுங்கியது. எமர்சன் லேக் அண்ட் பாமர் குழுவினர் 1977-இல் பெரிய வாத்தியக் குழுவொன்றை உடனழைத்து அமெரிக்காவில் பயணம் தொடங்கினர். செலவு தாளாது, சில நிகழ்ச்சிகளுக்குப் பின் அவ்வாத்தியக் குழுவை விடுவிக்க நேர்ந்தது. ஜெனிசிஸ் குழுவிலிருந்து 1975-இல் கேப்ரியலும் 1977-இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட்டும் விலகினர். கிங் கிரிம்சன் 1974-லேயே கலைக்கப்பட்டிருந்தது.

இதற்கிடையே 1976-ஆம் ஆண்டில் பங்க் என்னும் புதிய இசை இங்கிலாந்தில் வெடித்தெழுந்தது. மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தால் போதும், மேடையேறலாம் என்று அது இளைஞரை அழைத்தது. வேலையின்மை மிகுந்திருந்த அந்நாளில், நெடிய தவம் போன்ற பயிற்சியும் விலைமிக்க கருவிகளும் வேண்டும் ஓர் இசை, எளிய இளைஞர்க்கு எட்டாத மாளிகையாகத் தோன்றியதில் வியப்பில்லை. செய்தித்தாள் திறனாய்வாளர்கள் முற்போக்கு இசையை ஏளனம் செய்தனர். யெஸ் குழுவே 1983-இல் வெளியிட்ட நான்கு மணித்துளிப் பாடலொன்றால் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது என்பது காலத்தின் போக்கைக் காட்டும்.

மறுமலர்ச்சி

எனினும் வேர் காயவில்லை. இங்கிலாந்தின் மரில்லியன் குழு 1983-இல் தன் முதல் நெடுந்தட்டை வெளியிட்டது. அதற்கு முன்பே அக்குழு இசைத்த ‘கிரெண்டல்’ என்னும் நெடும்படைப்பு ‘சப்பர்ஸ் ரெடி’யின் நகலென்று பழிக்கப்பட்டது. ஆயினும் 1985-இல் அக்குழுவின் ‘மிஸ்பிளேஸ்ட் சைல்ட்ஹூட்’ பிரிட்டனில் முதலிடம் எய்தியது. 1990-களில் சுவீடன் நாட்டில் ஆங்லாகோர்ட், ஆனெக்டோட்டன் ஆகிய இளைஞர் குழுக்கள் மெல்லோட்ரானைத் தேடியெடுத்துத் துடைத்து மீண்டும் இசைத்தன. பதின்ம வயதிலேயே காய்ப்பா என்னும் சுவீடிஷ் குழுவில் இசைத்த ரோய்னே ஸ்டோல்ட், ஃபிளவர் கிங்ஸ் என்னும் குழுவை நிறுவினார். அமெரிக்காவில் ஸ்போக்ஸ் பியர்ட் குழு 1995-இல் ‘த லைட்’ என்னும் படைப்பைத் தந்தது. அக்குழுவின் நீல் மோர்ஸ், ஸ்டோல்ட், மரில்லியனின் பீட் டிரேவாவஸ், டிரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னாய் ஆகிய நால்வர் கூடி 1999-இல் டிரான்ஸ்அட்லாண்டிக் குழுவை அமைத்தனர். இருபத்தோராம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிக் பிக் டிரெயின், நார்வேயின் வோப்லர் ஆகிய குழுக்களும், ஸ்டீவன் வில்சன் போன்ற தனிக் கலைஞர்களும் இம்மரபை வளர்த்து வருகின்றனர்.

இம்மறுமலர்ச்சிக்குப் பொருள்துணை நல்கியவர்கள் இரசிகர்களே. 1997-ஆம் ஆண்டில் மரில்லியனுக்கு அமெரிக்கா செல்லப் பொருளில்லை என்றறிந்த இரசிகர்கள், இணையத்தின் வழியே ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டிக் கொடுத்தனர். 2001-இல் அக்குழு வெளியிட்ட ஓர் இசைத்தட்டிற்கு, அதனைப் பதிவு செய்யும் முன்னரே 12,000-க்கும் மேற்பட்டோர் முன்பணம் செலுத்தினர். புரவலர் மறைந்தபின் முன்வெளியீட்டுத் திட்டத்தால் நூல் வெளியிடும் எழுத்தாளர்க்கு இவ்வழி நன்கு விளங்கும்.

ஒப்புநோக்கு

இரு காலத்து இசையையும் அருகருகே வைத்து நோக்கின் சில வேறுபாடுகள் தெளிவாகின்றன.

முதலாவது, அளவு. குறுந்தட்டு வந்தபின் எழுபது மணித்துளிகளுக்கு மேல் இடைவிடாது இசைக்க வழி பிறந்தது. ஃபிளவர் கிங்ஸ் 1999-இல் வெளியிட்ட ‘கார்டன் ஆஃப் டிரீம்ஸ்’ ஏறத்தாழ ஒருமணி நேரம் நீள்வது. டிரான்ஸ்அட்லாண்டிக்கின் ‘த வேர்ல்விண்ட்’ (2009) ஒரே படைப்பாக ஒரு குறுந்தட்டையே நிறைப்பது. இவற்றில் சிறந்த பகுதிகள் பலவுண்டு. ஆயினும், இருபது மணித்துளியில் சொல்லத்தக்கதை அறுபது மணித்துளிக்கு விரித்துரைக்கும் தளர்ச்சியும் உண்டு. தடை நீங்கியபோது செறிவும் உடன் நீங்கிற்று.

இரண்டாவது, கருவி. இன்று மெல்லோட்ரானின் ஓசையைக் கணினி எத்தனை வினாடி வேண்டினும் தரும். விந்தை யாதெனில், அந்நாள் கலைஞர் எக்குறைகளை நீக்க விரும்பினரோ, அந்நடுக்கத்தையும் கரகரப்பையும் இந்நாள் கலைஞர் விலைகொடுத்து வாங்குகின்றனர். முன்னவர்க்கு அக்கருவி எதிர்காலத்தின் குரல். பின்னவர்க்கு அது கடந்த காலத்தின் குரல்.

மூன்றாவது, மூலம். இதுவே தலையாயது. பொற்காலக் கலைஞர் தம் கலைக்கு வெளியே சென்று பொருள் கொணர்ந்தனர். பாக், முசோர்க்ஸ்கி, ஸ்ட்ராவின்ஸ்கி, ஜாஸ், வழிபாட்டுப் பாடல், இந்தியத் தத்துவம் என அவர்கள் பல நிலங்களில் விதை பொறுக்கினர். பின்வந்தோருள் பலர் அவ்விளைச்சலிலிருந்தே விதை எடுத்தனர். யெஸ் குழுவினர் ஸ்ட்ராவின்ஸ்கியைக் கேட்டனர்; பின்வந்தோர் யெஸ் குழுவினரைக் கேட்டனர். மூலத்தைப் பயிலாது உரையை மட்டும் பயின்று, அவ்வுரைக்கு உரை எழுதுவது போன்றது இது. வடிவம் வழுவாது அமையும், வியப்பு அமையாது.

நான்காவது, திறன். இதில் இக்காலத்தாரைக் குறைகூற இடமில்லை. பதிவின் தெளிவும் பயிற்சியின் நுட்பமும் இன்று மேம்பட்டுள்ளன. முன்னோர் பல முறை முயன்று நாடாவை வெட்டி ஒட்டி அமைத்த கடினமான பகுதிகளை இன்றைய கலைஞர் மேடையில் எளிதாக இசைக்கின்றனர். முன்னோர் செல்வத்தைக் காப்பதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. 1969-இல் கிங் கிரிம்சனின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது ஸ்டீவன் வில்சன் இரண்டு வயது நிரம்பாத குழந்தை. நாற்பதாண்டுகளுக்குப் பின் அதன் மூலநாடாக்களை ஆராய்ந்து புதிதாக ஒலிக்கலவை செய்தளித்தவர் அவரே. ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தோரின் தொண்டுக்கு இத்தொண்டு நிகரானது.

பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும்

‘முற்போக்கு’ என்னும் பெயரே இங்கு ஒரு சிக்கலை எழுப்புகின்றது. அது ஒரு வகையிசைக்கு இட்ட பெயர்ச்சொல்லா? முன்னோக்கிச் செல்லுதல் என்னும் தொழிலை உணர்த்தும் வினையா? பெயராயின், 1972-இன் இலக்கணத்தைப் பின்பற்றும் எவரும் முற்போக்கு இசைஞரே. வினையாயின், 1972-ஐப் பின்பற்றுதலே பிற்போக்கு ஆகிவிடும். ஃபிரிப் வினையாகவே கொண்டார். 1981-இல் கிங் கிரிம்சனை அவர் மீண்டும் எழுப்பியபோது, பழைய மெல்லோட்ரான் இசையைத் தொடவில்லை. இரண்டு கிட்டார்கள் மாறிமாறிப் பின்னும் முற்றிலும் புதியதோர் இசையைத் தந்தார். பழைய இரசிகர் பலர் ஏமாற்றமுற்றனர். ஆயினும் அவரது செயலே அப்பெயருக்குப் பொருத்தமானது என்று வாதிடுவோர் இன்றும் உளர்.

இவ்விரு முனைகளுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றுண்டு என்பதைப் பிக் பிக் டிரெயின் குழுவின் படைப்புகள் காட்டுகின்றன. கேட்டவுடன் பழைய ஜெனிசிஸின் சாயல் புலப்படும் இசைதான் அது. ஆனால் அதன் பாடுபொருள் வேறு. 2009-இல் வெளிவந்த ‘த அண்டர்ஃபால் யார்ட்’ இசைத்தட்டில் வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பாளரின் கதை வருகின்றது. வின்செஸ்டர்ப் பேராலயம் அடித்தளம் தளர்ந்து சாயத் தொடங்கியபோது, 1906 முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள் கலங்கிய நீருக்குள் இருளில் தன்னந்தனியே இறங்கி, சிமெண்டு மூட்டைகளை அடுக்கி அவ்வாலயத்தைத் தாங்கிய தொழிலாளி அவர். 2013-இல் வெளிவந்த மற்றொரு படைப்பு, 1938-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி உலகச் சாதனை புரிந்த மல்லார்ட் என்னும் நீராவி இரயிலையும், அதனை ஆக்கிய கைகளையும் பாடுகின்றது. முன்னோர் அண்டத்தையும் புராணத்தையும் பாடிய அதே நெடுவடிவத்தில் இவர்கள் சுரங்கத்தையும் கப்பல் பட்டறையையும் உழைத்து மறைந்த எளியோரையும் பாடினர். சில இடங்களில் மின்னொலி வயலின்களுக்கு மாற்றாக, பித்தளை ஊதுகருவிகளை அமைத்தனர். ஆங்கிலேயத் தொழிலாளர் வாழ்வோடு ஒட்டி வளர்ந்தவை அக்கருவிகள். வடிவம் முன்னோருடையது, வாழ்க்கை தம் மண்ணினுடையது.

அக்குழுவின் பாடகர் டேவிட் லாங்டன் 2021-ஆம் ஆண்டு நவம்பரில் 56-ஆம் அகவையில் விபத்தொன்றால் மறைந்தார். குழு கலையவில்லை. அவ்விடத்தை நிரப்ப வந்தவர் அல்பெர்ட்டோ பிராவின் என்னும் இத்தாலியர். பொற்காலத்தின் பிரெமியாத்தா ஃபோர்னெரியா மார்க்கோனி குழுவோடு சேர்ந்து இசைத்து வந்தவர். மூத்த குழுவொன்றில் பழகிய குரல் இளைய குழுவொன்றின் வெற்றிடத்தை நிரப்பியது. மரபின் தொடர்ச்சி என்பது சில வேளைகளில் ஏட்டில் எழுதும் கருத்தாக இராது. ஓர் ஆளாகவே நடந்து வந்து மேடையில் நிற்கும்.

முடிவுரை

பொற்காலத்தார் ஒருவர்பின் ஒருவராக விடைபெற்று வருகின்றனர். யெஸ் குழுவின் ஸ்குவயர் 2015-இலும், எமர்சனும் லேக்கும் 2016-இலும் மறைந்தனர். கிங் கிரிம்சன் 2021 டிசம்பரில் தோக்கியோவிலும், ஜெனிசிஸ் 2022 மார்ச்சில் இலண்டனிலும் தத்தம் நெடும்பயணத்தின் இறுதி நிகழ்ச்சியை நடத்தின. இலண்டன் நிகழ்ச்சியைக் காண வந்தோர் நடுவே, நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அக்குழுவை விட்டு விலகிய பீட்டர் கேப்ரியலும் இருந்தார்.

இனி அம்மரபு பின்வந்தோர் கையில்தான் உள்ளது. அவர்களுள் வடிவத்தை மட்டும் பெற்றுக்கொண்டோர் நல்ல கைவினைஞராக நிற்பர்; வடிவத்தோடு, வெளியே சென்று புதிது தேடும் துணிவையும் பெற்றுக்கொண்டோரே வாரிசுகளாக நிற்பர். யாப்பு கற்பிக்கும் ஆசிரியர் மாணாக்கர்க்கு முதலில் தருவது சீரும் தளையும்தான். அவற்றைப் பிழையறக் கற்ற மாணாக்கன், பிறகு தன் தோட்டத்தையும் தன் தெருவையும் தன் தாயின் உழைப்பையும் அவ்வடிவத்துள் வைத்துப் பாடும் நாளில்தான், கற்பித்தது பயன் தந்தது என்று ஆசிரியர் உள்ளம் நிறைகின்றது. வின்செஸ்டரின் இருண்ட நீரில் மூட்டை அடுக்கிய தொழிலாளியின் கதையை, ஐம்பதாண்டுப் பழமையான இசைவடிவம் ஒன்று தாங்கி நிற்பதும் அத்தகைய நிறைவையே அளிக்கின்றது. அடித்தளத்தைக் காத்தவரைப் பாடும் அவ்விசையே தன் மரபின் அடித்தளத்தையும் காத்து நிற்கின்றது.